தலைப்பாகை அவிழாத தருமம்



பதியிலும் நிழல்தாங்கலிலும் பணிவிடைக்கு நிற்கிற ஆண்மக்கள் தலையில் பாகை கட்டியே நிற்கிறார்கள். வேறு பல வழிபாட்டு இடங்களில் தலைத்துண்டை எடுத்துவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. அய்யாவின் சந்நிதியில் மட்டும் அது தலைகீழ். இது ஏன் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் விளக்கிச் சொல்லும் கடமை பெரியவர்களுக்கு உண்டு.

திருவிதாங்கூர் அரசாட்சியில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த மக்கள் மேல்சாதியார் எதிரே வரும்போது தலையில் துண்டு கட்டியிருக்கக் கூடாது. தோளிலும் போடக் கூடாது. அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ ஒதுங்கி நிற்க வேண்டும். துணி அவனுடையது, தலையும் அவனுடையது. இரண்டையும் சேர்க்கத்தான் அனுமதி இல்லை. 1809ஆம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தபோது அந்தப் பெயரில் இருந்த முடியைக்கூட மேலே இருந்தவர்களால் தாங்க முடியவில்லை. முத்துக்குட்டி என்று மாற்றிக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெயரில்கூட முடி இருக்கக் கூடாது என்ற உலகத்தில்தான் 1833ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளிய அய்யா, மக்கள் தலையில் பாகையைக் கட்டவைத்தார்.

பாகையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தருமம் செய்கிற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதிலேதான் அடங்கியிருக்கிறது. கொடுக்கிற கையின் முன்னே வந்து நிற்கிறவனுடைய தலைப்பாகை தலையிலேயே இருக்கிறதா, இல்லை அவிழ்ந்து கக்கத்துக்குப் போய்விட்டதா? அவிழ்ந்துவிட்டது என்றால், கொடுத்தது ஆயிரமானாலும் இலட்சமானாலும், அங்கே நடந்தது பழைய அரசாட்சியின் வழக்கம்தான். பணம் மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது.

அந்தக் காலத்து மக்களுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம். தலை இருந்ததற்கு வரி, மார்பு இருந்ததற்கு வரி. பனையேறுகிறவன் சார்த்துகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைநாருக்குத் தளைக்காணம். இவை போதாதென்று ஊழியம் வேறு. கூலி கேட்க முடியாத வேலை அது. கோவிலுக்கும் தேவதைகளுக்கும் காணிக்கை, நேர்ச்சை, ஆடு கோழிப் பலி என்று மிச்சமிருந்ததும் போயிற்று. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் மேலே போக வேண்டியது மேலே போய்க்கொண்டே இருந்தது.

இந்த மக்களிடம் வந்த அய்யா, எனக்கும் கொண்டு வா என்று கேட்கவில்லை. காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், கைக்கூலி யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம் என்றுதான் உபதேசித்தார். கடவுளுக்கு லஞ்சம் கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணத்தையே அறுத்தெறிந்தார். அப்படியானால் கையிலுள்ளதை என்ன செய்வது? அதற்கு அய்யா காட்டிய பெயர் தருமம். தாழ்ந்து கிடக்கிறவர்களைத் தாங்கிக் காப்பதையே தருமம் என்று அகிலத்திரட்டு சொல்கிறது. காணிக்கைக்கும் தருமத்துக்கும் உள்ள வேற்றுமை திசையில் இருக்கிறது. காணிக்கை மேலே ஏறும். தருமம் பள்ளம் பார்த்துப் பாயும்.

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். காணிக்கைப் புத்தி வேறு வேடத்தில் தருமத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்டா வாங்கிக் கொடுத்தால் அதன் கழுத்தைச் சுற்றி உபயதாரர் பெயர், ஊர், தொழில், வெளிநாட்டில் இருந்தால் அந்த நாடு எல்லாம் வெட்டியாக வேண்டும் என்கிறார்கள். கஞ்சி வாங்க வரிசையில் நிற்கிற கிழவிக்கு அதைப் படிக்கக் கண் தெரியாது. பசிக்கிற பிள்ளைக்குப் படிக்க நேரமில்லை. அப்படியானால் அது யாருக்காக வெட்டப்பட்டது? அய்யா தம் பெயரையே பறிகொடுத்து வளர்ந்தவர். அவர் பெயரால் வைக்கப்படும் பாத்திரத்தில் வேறொரு பெயர் இத்தனை பெரிதாக ஏன் என்று, அடுத்தமுறை கடைக்காரர் என்ன பெயர் வெட்ட என்று கேட்கும்போது யோசித்தால் நல்லது.

கொடியேற்றுத் திருநாளுக்கும் திரு ஏடு வாசிப்புக்கும் செலவு செய்யக் கூடாது என்று இங்கே சொல்லவில்லை. பந்தலும் விளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டியவைதான். பத்து ஊர் சேர்ந்து அய்யாவின் ஏட்டைக் கேட்பதும் தருமத்தின் ஒரு பகுதிதான். ஆனால் அளவு என்று ஒன்று உண்டு.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கலுக்கு மேற்கே ஒரு வீடு. மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். திருநாள் மின்னலங்காரம் முழுவதும் என் பொறுப்பு என்று பணம் அனுப்புகிறான். கிழக்கே ஒரு வீடு. தகப்பன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். தாய் முந்திரி ஆலைக்குப் போகிறாள். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பருவக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் நிற்கிறாள். திருநாள் பத்து நாளும் மேற்கு வீட்டு வெளிச்சம் கிழக்கு வீட்டு முற்றத்தில் விழுகிறது. அனுப்பிய பையன் கெட்டவன் அல்ல. அவனுக்கு அந்தப் பெண்ணின் நிலை தெரியவே தெரியாது. தெரியவைக்க வேண்டியவர்கள் தாங்கலில் இருக்கிறவர்கள்தான். அலங்காரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம் தம்பி, மீதியை இப்படிச் செய்வோம் என்று ஒரு பணிவிடைக்காரர் வாய் திறந்து சொன்னால், அவன் மறுக்கப்போவதில்லை.

அதோடு முடியவில்லை. அந்தக் கட்டணத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் பாகை இருக்கிறது. திருநாள் மேடையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நிர்வாகிகள் எட்டுப்பேர் ஒரு கவரின் எட்டு மூலையையும் பிடித்துக்கொள்ள, அவள் தலை குனிந்து நிற்கப் படம் எடுத்துக் கைப்பேசியில் ஊர்முழுக்க அனுப்பலாம். அவள் படித்து முடித்து வேலைக்குப் போய், கல்யாணம் பேச வருகிறவர்கள் கையிலும் அந்தப் படம் இருக்கும். அல்லது, கல்லூரி அலுவலகத்தில் நேராகப் பணத்தைக் கட்டி, ரசீதை அவள் தாயிடம் அந்திக்கருக்கலில் கொடுத்துவிட்டு வரலாம். இரண்டிலும் செலவு ஒரே பணம்தான். முதலாவதில் அந்தப் பிள்ளை தன் பாகையை விற்றுப் படிக்கிறாள்.

வாங்குகிறவர் கூனாமல் கொடுப்பது எப்படி என்பதற்கு அய்யாவழியில் நாள்தோறும் நடக்கிற பாடமே இருக்கிறது. அதுதான் அன்னதருமம். சுவாமிதோப்பிலே நித்தப்பால் வாங்கிக் குடிக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அரிசியும் சிறுபயறும் சேர்ந்த அந்தக் கஞ்சியைக் காரில் வந்தவரும் குடிக்கிறார், நடந்து வந்தவரும் குடிக்கிறார். அரிசி கொடுத்தவரும் அதே வரிசையில், அதே கஞ்சியைத்தான் வாங்குகிறார். இவர் ஏழையாதலால் வாங்குகிறார், அவர் பக்தராதலால் வாங்குகிறார் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பசித்தவன் தன் பசியைப் பக்திக்குள் மறைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார் அய்யா. இதைவிட இதமான ஏற்பாடு என்ன இருக்க முடியும்?

அந்தச் சிறுபயற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. துவையல் தவசுக்காக அய்யா எழுநூறு குடும்பத்தாரைக் கடற்கரைக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. நாளும் கடலில் குளித்து, உடுத்த துணியைத் தாங்களே துவைத்து, அரிசியும் சிறுபயறும் கலந்து பொங்கி ஒருவேளை உண்டு இருந்தார்கள். அழுக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள் துவைத்து உடுத்தினார்கள். சேர்ந்து உண்ணத் தெரியாது என்று பிரிக்கப்பட்டவர்கள் ஒரே அடுப்பில் உண்டார்கள். அதனால் தாங்கலில் கஞ்சி ஊற்றும்போது, கூட வைத்துக் குறைய வைத்து, முகம் பார்த்து ஊற்றுகிறவர் அந்த எழுநூறு குடும்பத்தையும் ஒருமுறை மனதில் கொண்டுவர வேண்டும்.

அன்னம் இன்றைய பசிக்கு. நாளைக்கும் நிற்கிற தருமத்துக்கு முத்திரிக்கிணறு சாட்சி. இன்ன சாதிக்கு இன்ன கிணறு, தொட்டால் தீட்டு என்றிருந்த நாட்டில், எல்லாரும் ஒன்றாக வந்து நீராட ஒரு கிணற்றை அய்யா வைத்தார். ஒரு குடம் தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம். கிணறாகவே கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரிடமும் குடத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நிழல்தாங்கலும் அப்படித்தான். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், கடம்பன்குளம், பாம்பன்குளம் என்று அய்யாவின் காலத்திலேயே எழுந்த தாங்கல்கள் கும்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பசிக்குச் சோறும், எழுத்தறியாத பிள்ளைக்கு எழுத்தும் கிடைத்த இடங்கள் அவை. வெயிலில் வந்தவனுக்கு நிழலும், விழப்போனவனுக்குத் தாங்கலும் என்று அந்தப் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

இன்றைக்கு ஒரு தாங்கலில் என்ன கிணறு வெட்டலாம்? பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு சக்கர நாற்காலி, இரண்டு வாக்கர், படுக்கைப்புண் வராமல் தடுக்கிற தண்ணீர் மெத்தை ஒன்று, முதுகு நிமிர்த்துகிற கட்டில் ஒன்று வாங்கி ஓர் அறையில் வைத்திருக்கலாம். வீட்டில் கிடையாகக் கிடக்கிறவருக்கு எடுத்துக்கொண்டு போய், தேவை முடிந்ததும் திருப்பி வைப்பார்கள். ஒரே மெத்தை பத்து வீட்டுக்குப் போகும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தம் வேண்டி யாராவது அலைந்தால் உடனே கூப்பிட ஒரு பட்டியல் இருக்கலாம்; அதற்குக் காசே செலவில்லை. மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் போய்க் கூப்பிடுவதுதான் பாக்கி.

ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு பக்கம் இளகும். சிறுநீரகம் பழுதாகித் தகப்பனை இழந்தவர், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இரண்டுமுறை பஸ்ஸில் போகிற நோயாளியைக் கண்டால் தாங்கமாட்டார். படிப்புப் பாதியில் நின்றவர் பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கொடுப்பார். வாயில்லா ஜீவனுக்கு இரங்குகிறவரும், பனைவிதை ஊன்றுகிறவரும் உண்டு. மனம் எங்கே இளகுகிறதோ அங்கே கொடுக்கட்டும், தவறில்லை. பட்ட துன்பம்தான் பிறர் துன்பத்தைக் காட்டுகிற விளக்கு. ஆனால் அந்த இளக்கம் தன் இனத்தான் என்ற வேலியோடு நின்றுவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1838ஆம் ஆண்டு அய்யாவைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். விடுதலை செய்கிறபோது, இனிமேல் தன் ஒரு சாதியோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒப்புக்கொள்ளும்படி கேட்கப்பட்டதையும், அய்யா அதற்கு இசையாததையும் அய்யாவழி மக்கள் அறிவார்கள். சிறைவாசலில் நின்றபோதும் அய்யா ஒப்புக்கொள்ளாத அந்த நிபந்தனையை, பிள்ளைகள் இன்று தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிடலாமா?

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது குளச்சலிலும் மணக்குடியிலும் போன உயிர்களுக்கு மதம் பார்த்து அலை வரவில்லை. 2017இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாடிகளில் நின்றவர்கள் குடிதண்ணீருக்குத் தவித்தார்கள். இப்படிப்பட்ட நாட்களில் கிடக்கிறவன் யார் என்று பெயர் கேட்டுக் கொடுக்கிறவன், அய்யாவின் கிணற்றுக்குத் திரும்பவும் வேலி போடுகிறான்.

இனி, கசப்பான ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைக் குறைத்து, மூன்று மாதம் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தில் திருநாளன்று ஆயிரம் பேருக்கு அன்னதருமம் நடத்துகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கிய அரசாட்சியை நீச ஆட்சி என்று கண்டித்த வழியிலே வந்தவர்களுக்கு இது அடுக்காது. ரப்பர் பால் வெட்டுகிறவர், செங்கல்சூளையில் நிற்கிறவர், வீட்டுவேலைக்கு வருகிற அம்மா, இவர்களுக்குரியதை உரிய நாளில் கொடுப்பது தருமக் கணக்கில் வராது, அது கடன். கடனைத் தீர்க்காமல் தருமம் செய்கிறவர், அடுத்தவன் அரிசியை அள்ளித் தன் பெயரில் பொங்குகிறவர். அந்த அன்னத்தை உண்கிறவர்களின் வரிசையில், கூலி வராத அதே வேலைக்காரரின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

அதுபோல, வட்டிக்கு வாங்கித் தருமம் செய்ய வேண்டாம். வீட்டிலுள்ள முதியவருக்கு மருந்து வாங்காமல் ஊருக்குக் கொடுக்கவும் வேண்டாம். தாழக் கிடக்கிறவர் சிலவேளை அவரவர் வீட்டுப் பின்கட்டிலேயே படுத்திருப்பார்.

பணம் போகிற பாதையையும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஒரு குழந்தையின் படம் வரும், வயிற்றில் குழாய்களோடு. கீழே ஒரு வங்கி எண். கண்ணீர் வந்துவிடும், உடனே அனுப்பத் தோன்றும். அனுப்புமுன் அந்த மருத்துவமனையைக் கூப்பிட்டு, அப்படி ஒரு குழந்தை உண்டா என்று கேட்டு, முடிந்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டிவிடுவது நல்லது. அழுகிற படத்தைக் காட்டிப் பிழைக்கிற கூட்டம் இந்தக் கலியில் பெருத்திருக்கிறது. தொலைவிலுள்ள அனாதை இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுக்கிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்கட்டும். வரவு செலவைக் கேட்டால் கோபிக்கிற இடத்துக்கு அடுத்தமுறை கொடுக்கத் தேவையில்லை. கேட்பது அவநம்பிக்கை ஆகாது. பிறர் தந்த காசுக்குக் காவல் இருப்பதும் பணிவிடைதான்.

இதைத் தாங்கல் நிர்வாகம் தன் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பணிவிடை முடிந்ததும், வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, அரிசி இருப்பு இவ்வளவு என்று சத்தமாக வாசித்துவிட்டால், ஊரில் பாதிப் பேச்சு அடங்கும். உதவி பெற்றவர் பெயரை வாசிக்க வேண்டியதில்லை. படிப்புக்கு இரண்டு, மருந்துக்கு மூன்று என்று எண்ணிக்கை சொன்னால் போதும்.

அப்படியானால் வசதி இல்லாதவர்கள்? பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறது. அதில் எல்லார் முகமும் தெரிகிறது, கொடுக்கிறவர் முகம் மட்டும் அல்ல. பீடி சுற்றுகிற அம்மாவும் தருமம் செய்யத்தான் செய்கிறாள். சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து அடுப்படியில் ஒரு பானையில் போட்டுவைக்கிற வழக்கம் ஊர்வீடுகளில் இருந்தது. குக்கர் வந்த பிறகு பானை மறைந்துவிட்டது; பிடி மறைய வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அந்தப் பிடியை வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். கை சிறிது, அரிசியும் கொஞ்சம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தாங்கலுக்குக் கொண்டுபோய், மற்ற வீட்டு அரிசியோடு சேர்த்துக் கொட்டிவிட்டால், எது யார் வீட்டு அரிசி என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அரிசி இல்லாதவர் விறகு கொண்டுவரட்டும், காய் நறுக்கட்டும், அண்டா கழுவட்டும். கஞ்சி இறக்கியதும் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரட்டும்.

அய்யா உண்டு.